தென்னந்தோப்பில் 17 நல்லபாம்பு முட்டைகள்: வீட்டில் பொரிக்க வைத்து வளர்க்கலாமா?

தோப்புக்காரன் | மே 3, காலை 7:40

எல்லோருக்கும் வணக்கம். ஊர் பொள்ளாச்சிக்குப் பக்கம். நேற்று மாலை தோப்பில் பழைய மோட்டார் அறைச் சுவரை இடித்தோம். அடித்தளத்தில் பெரிய எலி வளை ஒன்று இருந்தது, அதற்குள் ஒரு நல்லபாம்பு சுருண்டு கிடந்தது. படம் எடுத்து நின்றதே தவிர நகரவில்லை. வேலையாட்கள் கட்டையைத் தூக்கிவிட்டார்கள். அப்பா நடுவில் போய்க் கையை விரித்து நின்று தடுத்தார். கால் மணி நேரம் எல்லோரும் விலகி நின்ற பிறகு அது வேலியோரம் போய்விட்டது. வளைக்குள் பார்த்தால் முட்டைகள், எண்ணினால் 17. கோழி முட்டையைவிடச் சற்றுச் சிறியவை, நீளவாட்டம், ஓடு தோல் போல மெத்தென்று இருக்கிறது. ஒன்றோடொன்று ஒட்டியும் இருக்கின்றன.

இரண்டு கேள்விகள். இவற்றை வீட்டில் வைத்துப் பொரிக்கச் செய்ய முடியுமா? அடுத்தது, எனக்கு நெடுநாளாக இருக்கும் எண்ணம். பாம்புக்கடி மருந்துக்கு நஞ்சு தேவைப்படுகிறது என்று படிக்கிறேன். கோழிப்பண்ணை, மாட்டுப்பண்ணைபோல முறையாக அனுமதி பெற்று விவசாயிகள் நச்சுப்பாம்புகளைப் பெருக்கி நஞ்சு கொடுக்க முடியாதா? என் சித்தப்பா பையன் கட்டுவிரியன் கடித்து 9 வயதில் இறந்தவன். விளையாட்டாகக் கேட்கவில்லை.

செங்கைக் குமரன் | மே 3, காலை 8:05

தம்பி, மற்றதெல்லாம் பிறகு. முதலில் முட்டைகளைத் தொடாதீர்கள். ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்றால் எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். கோழி முட்டையைத் திருப்பித் திருப்பி வைப்பார்கள். பாம்பு முட்டையைத் திருப்பினால் உள்ளே ஓட்டோடு ஒட்டிக்கொண்ட கரு மூழ்கிச் செத்துவிடும். ஒட்டியிருப்பதைப் பிரிக்கவும் வேண்டாம். பென்சிலால் மேல்பக்கம் ஒரு கோடு போடுங்கள். பேனா வேண்டாம்.

அடுத்து, வனத்துறைக்கு உடனே சொல்லுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'விலங்கு' என்ற சொல்லுக்குள் ஊர்வனவற்றின் முட்டையும் அடங்கும். நல்லெண்ணத்தோடு வீட்டில் வைத்திருந்தாலும் அது குற்றம்தான். அவர்களிடமோ அவர்கள் அனுமதி பெற்ற பாம்பு மீட்பாளரிடமோ ஒப்படையுங்கள். அதுவரை அதே வளை மண்ணோடு, ஈரம் காயாமல், வெயில் படாமல் மூடி வையுங்கள்.

தாய் திரும்பி வரலாம். நல்லபாம்பு முட்டையிட்ட இடத்திலேயே காவல் கிடக்கும் இனம். இரவில் அந்தப் பக்கம் யாரையும் விடாதீர்கள்.

ஈரோட்டு விவசாயி | மே 3, காலை 9:20

பண்ணை என்ற சொல்லைக் கேட்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 2012இல் ஈமு கோழியை நம்பிக் கொங்குப் பகுதியில் எத்தனை குடும்பங்கள் நகையை விற்றன என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. இப்போது பாம்பு நஞ்சு கிராம் இத்தனை லட்சம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. அதை நம்பி நண்பர் ஒருவர் முன்பணம் கொடுத்து ஏமாந்திருக்கிறார். வாங்கும் இடம் எது, விற்கும் உரிமை யாருக்கு என்று கேட்டால் ஒருவரும் பதில் சொல்வதில்லை. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பசுமை வேலன் | மே 3, பிற்பகல் 1:15

தோப்புக்காரனின் இரண்டாவது கேள்வியை ஏமாற்று வியாபாரத்தோடு சேர்த்துத் தள்ளிவிட வேண்டாம். கேள்வி நியாயமானது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று 2020இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆண்டுக்குச் சராசரி 58,000. கால் பங்குக்கு மேல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். இத்தனை பேருக்கான மருந்து இன்றும் காட்டிலும் வயலிலும் பிடித்த பாம்பின் நஞ்சை நம்பியிருக்கிறது. பிடிபடும் பாம்புக்கு உண்ணியும் குடற்புழுவும் இருக்கும், வயது தெரியாது, மன அழுத்தம் வேறு. திரும்ப விட்ட பிறகு அது பிழைத்ததா என்று யாருக்குத் தெரியும்? பிரேசிலில் பாம்புக்கடி மருந்து செய்யும் புட்டான்டான் நிறுவனம் 1901இலிருந்து இயங்குகிறது. பாங்காக்கில் 1923இலேயே பாம்புப் பண்ணை திறந்துவிட்டார்கள். கூண்டிலேயே பிறந்து வளர்ந்த பாம்புகளிடம் நஞ்சு எடுக்கும் வழக்கம் உலகத்தில் இருக்கிறது. பிடித்த பாம்பை மண்பானையில் அடைத்து நஞ்சு எடுப்பதிலேயே நாம் ஏன் இன்னும் நிற்கிறோம்?

செங்கைக் குமரன் | மே 3, இரவு 9:50

மண்பானை என்று கீழாகச் சொல்லிவிட்டீர்கள். அதைப் பற்றித் தெரிந்தவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்துக்குள், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இலிருந்து இயங்குகிறது. அதற்கு முன்பு இருளர்கள் பாம்பைப் பிடித்தது தோலுக்காக. சட்டம் வந்து தோல் வியாபாரம் நின்றதும் அந்த மக்களுக்குச் சோறு இல்லாமல் போயிற்று. அப்போது பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் முன்னின்று அமைத்ததுதான் இந்தச் சங்கம். கொன்று விற்றவர்கள், கொல்லாமல் நஞ்சு எடுத்து மறுபடி விடுகிறவர்களாக மாறினார்கள்.

நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்று நான்கு இனம். பானைக்கு ஒன்றோ இரண்டோ, வாயில் துணி கட்டி வைத்திருப்பார்கள். பானை ஏன் என்று வேலன் கேட்கிறார். வெளியே வெயில் கொளுத்தும்போதும் பானைக்குள் குளிர்ச்சி, இருட்டு, லேசான ஈரம். பாம்பு தன் வளைக்குள் இருப்பதுபோலவே கிடக்கும். கண்ணாடித் தொட்டியில் மூக்கை மோதிப் புண்ணாக்கிக்கொள்ளும் பாம்பு பானையில் அப்படிச் செய்வதில்லை. மூன்று நான்கு வாரம் வைத்து வாரத்துக்கு ஒரு முறை நஞ்சு எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, விட்டுவிடுகிறார்கள். அடையாளமுள்ள பாம்பு மறுபடி அகப்பட்டால் அந்தப் பருவத்தில் அதைத் தொடமாட்டார்கள்.

சங்கத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதற்கு முன்பே 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போய், பெருகித் தொல்லை கொடுத்த பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவர்கள் அவர்கள். எச்சத்தையும் தடத்தையும் பார்த்து, உள்ளே இருப்பது என்ன பாம்பு, எந்தப் பக்கம் போனது என்று சொல்லும் கண் அது. கூண்டில் வளர்க்கும் பண்ணை வந்தால் முதலில் தூக்கி எறியப்படுவது அந்தக் கண்தான். எனக்கு அதுதான் பயம்.

லாயம் | மே 4, காலை 6:30

ஓய்வு பெற்றவன். பாம்புக்கடி மருந்துக்காகக் குதிரைகள் வளர்க்கும் லாயத்தில் 26 ஆண்டு வேலை. நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்துதான் மருந்து செய்கிறார்கள். சில காலம் பாம்பறையிலும் இருந்தேன். இருவருமே உண்மையைத்தான் சொல்கிறீர்கள், ஆனால் பாம்பு இனம் நான்கும் ஒன்றுபோல இல்லை. அங்கேதான் விஷயம் இருக்கிறது.

கண்ணாடிவிரியன் குட்டி போடும். ஒரு ஈற்றில் 20 முதல் 40 வரை சாதாரணம், அதற்கு மேலும் போட்டதுண்டு. பார்க்கப் பெருக்கம் சுலபம் என்று தோன்றும். குட்டிகளை ஒரே பெட்டியில் விட்டால் ஒன்றையொன்று விழுங்கும். ஆளுக்கு ஒரு பெட்டி வேண்டும். நாற்பது பெட்டி, நாற்பது தண்ணீர்க் கிண்ணம், ஒவ்வொன்றுக்கும் கண் திறக்காத எலிக்குஞ்சு. எலிக்குஞ்சைத் தொடாத குட்டிக்கு, குஞ்சின் மேல் பல்லியைத் தேய்த்து வாசம் ஏற்றிக் கொடுப்போம். அப்படியும் சில பட்டினி கிடந்தே சாகும். பருவத்துக்கு வர இரண்டு மூன்று ஆண்டு ஆகும். அதாவது ஒரு சொட்டு நஞ்சு எடுக்கும் முன்பு ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு மேல் எலி போய்விடும். பாம்புப் பண்ணை என்று சொன்னாலும் பாதி வேலை எலிப் பண்ணைதான்.

நல்லபாம்பு ஓரளவு எளிது. பசி உள்ள பாம்பு, எலியை நன்றாக எடுக்கும். கட்டுவிரியன் வேறு கதை. அதற்குப் பிடித்த உணவு மற்றப் பாம்புகள். அதை எலிக்குப் பழக்க மாதக்கணக்கில் ஆகும், சில பழகாமலே போகும். ஆண் பெண்ணைச் சேர்த்து விட்டுவிட்டு ஒரு நிமிடம் கண்ணை எடுத்தால், இணைக்குப் பதில் இரை ஆகிவிடும். சுருட்டைவிரியன் நம் தெற்கத்தி நிலத்தில் குட்டி போடுகிறது. குட்டி தீக்குச்சி அளவு தடிமன்தான். காட்டில் அது தேளும் பூரானும் தின்னும். எலிக்குஞ்சின் தலையே அதன் வாயைவிடப் பெரிது.

இனி நஞ்சின் அளவு. நல்லபாம்பும் கண்ணாடிவிரியனும் உலர்ந்த நஞ்சாக நூறு மில்லிகிராமுக்கு மேல் கொடுக்கும். கட்டுவிரியன் பத்து மில்லிகிராம் கொடுத்தாலே பெரிது. சுருட்டையும் சொற்பம்தான். எளிதாகப் பெருகும் இனத்தில் நஞ்சுக்குக் குறைவில்லை. குறைவாக நஞ்சு தரும் இனம் பெருகுவதும் கடினம். பிரேசிலையும் தாய்லாந்தையும் காட்டுகிறவர்கள் இந்த முடிச்சைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. ஒரு கூண்டில் உண்ணி புகுந்தால் பத்து நாளில் அறை முழுக்கப் பரவும். வாய்ப்புண், மார்ச்சளி, வயிற்றுப்போக்கு. பானையில் மூன்று வாரம் இருந்து போகும் பாம்புக்கு இந்தத் தொல்லை குறைவு. வேலன் தம்பி, சுத்தம் என்பது கூண்டால் வருவதில்லை. தினமும் கழுவுகிற கையால் வருகிறது.

மலர்ச்செவிலி | மே 4, பிற்பகல் 3:10

லாயம் ஐயா, எண்களை எங்கள் பக்கத்திலிருந்தும் சொல்லட்டுமா? மருந்துக் குப்பி ஒன்றில் 10 மில்லி. ஒரு மில்லி, நல்லபாம்பு நஞ்சிலும் கண்ணாடிவிரியன் நஞ்சிலும் 0.6 மில்லிகிராமை முறிக்கும். கட்டுவிரியனுக்கும் சுருட்டைக்கும் 0.45 மில்லிகிராம். கண்ணாடிவிரியன் ஒரு கடியில் ஏற்றுவது சராசரி 60 மில்லிகிராமை ஒட்டி இருக்கும். ஆகவேதான் எடுத்த எடுப்பில் 10 குப்பி ஏற்றுகிறோம். ரத்தம் உறையவில்லை என்றால் மறுபடியும் ஏற்றுகிறோம்.

நான் வேலை செய்த ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விடிகாலை மூன்று மணிக்கு ஒரு சிறுமியைக் கொண்டுவந்தார்கள். பாயில் படுத்திருந்தவள். வயிறு வலிக்கிறது என்றாள், கண் இமை தூக்க முடியவில்லை. கடித்த தடம் எங்கும் தெரியவில்லை. கட்டுவிரியன் என்று புரிந்துகொள்ளவே பதினைந்து நிமிடம் போயிற்று. மருந்து கையிருப்பில் இருந்தது. செயற்கை மூச்சுக் கருவி அங்கே இல்லை. 108இல் ஏற்றி, வழி முழுக்கக் கையால் பலூனை அழுத்தி மூச்சுக் கொடுத்துக்கொண்டே போனேன். பிழைத்தாள். இப்போது பத்தாம் வகுப்பு.

தோப்புக்காரன் தம்பி, உங்கள் சித்தப்பா பையனைப் பற்றிப் படித்ததும் அந்த இரவு நினைவுக்கு வந்தது. நஞ்சு எங்கிருந்து வந்தது என்று நான் அன்று யோசித்ததே இல்லை. குமரன் அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு, யாரோ ஓர் இருளர் அண்ணனின் கை அந்தக் குப்பிக்குப் பின்னால் இருந்தது என்று இப்போது தெரிகிறது.

நிலவன் (யாழ்ப்பாணம்) | மே 5, காலை 10:00

எங்கள் பக்கத்துச் செய்தி ஒன்றைச் சேர்க்கிறேன். இலங்கையில் பாவிப்பது பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வரும் மருந்துதான். அதாவது தமிழ்நாட்டுப் பாம்பின் நஞ்சால் செய்தது. எங்கள் கண்ணாடிவிரியன் கடித்தால் ரத்தம் உறையாமல் போவதோடு இமை தொங்கும், தசையும் கெடும். ஒரே பெயர், ஒரே உருவம், நஞ்சின் கலவை வேறு. இன்னும், மூக்கு மேடிட்ட சிறிய குழிவிரியன் ஒன்று இங்கே ஏராளம், சிங்களத்தில் பொலோன் தெலிஸ்ஸா என்பார்கள். தோட்டத்தில் சருகு கூட்டும்போது கடிக்கும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டு வைத்தியசாலைக்கு வருவார்கள். இந்திய மருந்து அதற்கு வேலை செய்யாது, நான்கு பாம்புகளின் பட்டியலில் அது இல்லை.

காட்டுப் பாம்பா கூண்டுப் பாம்பா என்று நீங்கள் விவாதிக்கிறீர்கள். எனக்கு அந்தப் பாம்பு எந்த ஊர்ப் பாம்பு என்பதே கேள்வி.

லாயம் | மே 5, இரவு 8:20

நிலவன் சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். நான் சொல்ல மறந்தது இதுதான்.

இந்தியாவில் மருந்துக்கான நஞ்சில் மிகப் பெரும்பகுதி இந்த ஒரே சங்கத்திலிருந்து போகிறது. அவர்கள் பிடிப்பது சென்னையைச் சுற்றியுள்ள சில மாவட்டங்களில். அந்த நஞ்சில் செய்த மருந்தை ராஜஸ்தானுக்கும் வங்கத்துக்கும் பஞ்சாபுக்கும் அனுப்புகிறோம். அங்கே நல்லபாம்பின் நஞ்சே வேறு மாதிரி. மேற்கே சிந்துக் கட்டுவிரியன், கிழக்கே படத்தில் ஒற்றை வட்டக் குறி உள்ள நாகம் என்று தனி இனங்களும் இருக்கின்றன. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் ஆய்வுகள் இதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டின. குப்பி எண்ணிக்கையைக் கூட்டிக் கூட்டி ஏற்ற வேண்டியிருக்கிறது, சில இடங்களில் அதுவும் போதவில்லை.

இதில் இருளர் குறை ஒன்றும் இல்லை. அவர்கள் நிலத்துப் பாம்பை அவர்கள் தருகிறார்கள். மற்ற நிலங்களில் அந்த வேலையைச் செய்ய யாரையும் நாம் அமர்த்தவில்லை.

கூண்டில் பெருக்குவதற்கு நியாயம் இங்கேதான் எனக்குத் தெரிகிறது. எண்ணிக்கைக்காக வேண்டாம், எண்ணிக்கையில் பானையை வெல்ல முடியாது. வழித்தோன்றலுக்காக வேண்டும். பாலைவனத்துக் கட்டுவிரியனில் பத்து ஜோடி, வங்கத்து நாகத்தில் பத்து ஜோடி, பிறந்த ஊர், தாய், தந்தை, உண்ட தேதி, சட்டை உரித்த தேதி என்று ஒவ்வொன்றுக்கும் ஏடு வைத்துப் பெருக்கினால், அந்த நிலத்துக்கான நஞ்சு ஆண்டு முழுதும் ஒரே சீராகக் கிடைக்கும். ஆனால் ஒரே தாயின் பிள்ளைகளையே சேர்த்துக்கொண்டிருந்தால் நான்கு தலைமுறையில் வதங்கிவிடும். சில ஆண்டுக்கு ஒரு முறை அதே ஊரிலிருந்து புது ரத்தம் சேர்க்க வேண்டும். அதைப் பிடித்துவர ஆள் வேண்டும் அல்லவா? குமரன் பயப்படுகிற அந்தக் கண் அங்கே மறுபடி தேவைப்படுகிறது.

பசுமை வேலன் | மே 6, காலை 7:00

ஐயா, ஒப்புக்கொள்கிறேன். மண்பானை என்று எழுதிய தொனிக்குக் குமரன் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஒரு கேள்வி மட்டும் பாக்கி. கூண்டில் எலி மட்டுமே தின்று வளர்ந்த பாம்பின் நஞ்சு, காட்டுப் பாம்பின் நஞ்சுபோலவே இருக்குமா?

லாயம் | மே 6, காலை 9:15

பெரும்பகுதி பிறப்பில் வருவது, தீனியால் தலைகீழாக மாறிவிடாது. வயதால் மாறும். குட்டியின் நஞ்சும் கிழத்தின் நஞ்சும் ஒன்றல்ல. அதனால் பல வயது, இரு பால், பல தாய் வழிப் பாம்புகளின் நஞ்சைக் கலந்து, குதிரைக்கு ஏற்றும் முன் காட்டு நஞ்சோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும். தோப்பில் நடக்கிற காரியம் இல்லை.

வட கரோலினா தமிழன் | மே 6, இரவு 11:40

தனியார் வளர்ப்பைப் பற்றி நான் பார்த்த ஒன்று. 2021 ஜூனில் எங்கள் ராலே நகரில் ஒரு வீட்டிலிருந்து நஞ்சு உமிழும் வரிநாகம் தப்பிவிட்டது. ஆப்பிரிக்கப் பாம்பு. இரண்டு நாள் அந்தத் தெருவில் பிள்ளைகளை வெளியே விடவில்லை. அது கடித்தால், பக்கத்து மருத்துவமனைகளில் அந்தக் கடிக்கான மருந்துக்கு எங்கே போவது? பிரிட்டனில் 1976இலிருந்து தனிச் சட்டப்படி உரிமம் வேண்டும். புளோரிடாவில் ஆயிரம் மணி நேர அனுபவம் காட்டாமல் உரிமம் தரமாட்டார்கள். இந்தியச் சட்டம் வீட்டு வளர்ப்பை அடியோடு தடுத்தது எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

தோப்புக்காரன் | மே 7, மாலை 6:00

இத்தனை பேர் இவ்வளவு பொறுமையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. 3ஆம் தேதியே வனத்துறைக்குச் சொன்னோம். மாலையில் இரண்டு பேர் வந்தார்கள். பென்சில் கோட்டைப் பார்த்துவிட்டு, யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார்கள். வளை மண்ணோடு பிளாஸ்டிக் பெட்டியில் தென்னை நார்க்கழிவு பரப்பி எடுத்துப் போனார்கள். பண்ணை எண்ணத்தை விட்டுவிட்டேன். லாயம் ஐயா சொன்ன நாற்பது பெட்டியை மனதில் ஓட்டிப் பார்த்தேன், நாற்பதாவது பெட்டியைத் திறக்கும்போது கை அசந்துவிடும் என்று எனக்கே தோன்றியது.

மலர் அக்கா, அந்தச் சிறுமி பத்தாம் வகுப்பு என்று எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன்.

மலர்ச்செவிலி | மே 7, இரவு 7:30

அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். தோப்பு வீட்டில் தரையில் படுக்க வேண்டாம், கட்டிலில் படுத்துக் கொசுவலையைப் படுக்கைக்கு அடியில் நன்றாகச் செருகிக்கொள்ளட்டும். கட்டுவிரியன் உள்ளே வர வழி இருக்காது.

தோப்புக்காரன் | ஜூன் 29, காலை 8:10

முட்டைகளின் கதை முடிந்தது, சொல்ல வந்தேன். 17இல் இரண்டு பூஞ்சணம் பிடித்துக் கெட்டன, ஒன்றில் கருவே இல்லையாம். மீதி 14உம் மூன்று நாளைக்குள் ஓட்டைக் கிழித்துத் தலையை நீட்டின. போன் செய்து, பார்க்க வருகிறீர்களா என்று கேட்டார்கள். அப்பாவும் நானும் போனோம். ஒரு சாண் நீளத்தை ஒட்டித்தான் இருக்கும், அதற்குள் பெட்டியைத் தட்டினால் படம் எடுத்துச் சீறுகிறது. மலையடிவாரத்தில் ஓடைக்கரையில் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி விட்டார்கள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

இன்னொன்று. நேற்றுப் புது மோட்டார் அறைக்குப் பின்னால், வேலிக் கல்லில் ஒரு சட்டை கிடந்தது. ஐந்தடி இருக்கும். அதே தாய்தானா என்று தெரியவில்லை.

செங்கைக் குமரன் | ஜூன் 29, காலை 8:45

கிழியாமல் முழுதாக உரிந்திருக்கிறதா? தலைப்பகுதியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பாம்புக்கு இமை கிடையாது, கண்ணை மூடி ஒரு கண்ணாடிச் செதில் இருக்கும். உடம்பு சரியில்லாத பாம்புக்கு அது கண்ணிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். சட்டையில் இருக்கிறதா?

தோப்புக்காரன் | ஜூன் 29, காலை 9:05

பார்த்தேன் அண்ணா. இருக்கிறது, இரண்டு கண்ணிலும்.